உயிரணுவின் காவலர்



இசை நிகழ்ச்சிக்குமுன் புற்றுநோயைப் பற்றிப் பேசுவதோ என எண்ணுவோர் சற்றே பொறுத்தருள்க.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதற்கும் மூலம் மனிதப் பாப்பிலோமா வைரஸ். ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன் குழுவினர் 1983-84இல் இதனை மெய்ப்பித்தனர். 2008இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

நம் உயிரணுவில் இரு காவலர் உளர். பி53 என்னும் புரதம், மரபுப்பொருள் பழுதுற்றால் உயிரணுவைத் தடுத்து நிறுத்தும். பழுது மிகின் மடியச் செய்யும். ஆர்பி என்பது வேளை வாராமல் உயிரணு பெருகவொட்டாது. வைரஸின் ஈ6 என்னும் புரதமோ, பி53-ஐக் கழிவென்று முத்திரையிட்டு உயிரணுவைக் கொண்டே அழிக்கச் செய்கிறது. ஈ7 ஆர்பியைச் செயலறச் செய்கிறது. பின் பெருக்கத்திற்குத் தடை ஏது?

1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் அம்மையாரின் புற்றிலிருந்து (அவர்தம் ஒப்புதலைக் கேளாமலே) எடுத்த உயிரணுக்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அவற்றில் அவ்விரு வைரஸ் புரதங்களையும் அடக்கியபோது காவலர் மீண்டனர்; பெருக்கம் நின்றது. காவலரை ஆக்கும் மரபுக்குறிப்பு சிதையாதிருந்தமையே காரணம்.

மருந்தின் பயனும் இதனோடு தொடர்புடையது. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து மரபுப்பொருளைப் பழுதாக்கும். அப்பழுதைக் கண்டு உயிரணுவை மடியச் செய்வோருள் பி53 முதன்மையானது. புகையிலையால் வரும் தொண்டைப் புற்றில் பி53-இன் மரபுக்குறிப்பே பெரும்பாலும் சிதைந்திருக்கும். வைரஸால் வருவதில் அது பெரும்பாலும் சிதைவதில்லை. பின்னது சிகிச்சைக்கு நன்கு இணங்குவதற்கு இதனையும் ஒரு காரணமாக அறிஞர் கூறுவர். அங்ஙனமாயின் மென்மையான மருந்தே போதாதோ? சிஸ்பிளாட்டினுக்கு மாற்றாகச் செடுக்சிமாப் தந்து பார்த்த இரு பெரும் ஆய்வுகளின் முடிவு 2018இல் வெளிவந்தது. மாற்று மருந்து பெற்றோரே மிகுதியாக இறந்தனர். ஆகவே, நன்கு இணங்கும் நோய் என்று கேள்வியுற்று மருந்தைக் குறைக்குமாறு மருத்துவரை வற்புறுத்துதல் தகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வைரஸ் என்றதுமே நோயாளியின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைக்கும் வீடுகள் உள. இது கொடுமை! புற்றுநோய் தொற்றுவதில்லை. வைரஸ் பரவுவது பெரும்பாலும் உடலுறவால். பெற்றவரோ மிகப் பலர். பெரும்பாலோர்க்குத் தானே அகன்றுவிடும். ஒருத்தியின் ஒழுக்கத்திற்கு இது சான்றன்று.

தடுப்பூசி உண்டு. புனேயின் சீரம் நிறுவனம் ஆக்கியது 2023 சனவரியில் வெளிவந்தது. 9 முதல் 14 வயதுக்குள் போடுதல் சிறப்பு. ஆயின் அது வைரஸின் மேலுறைப் புரதத்தையே எதிர்ப்பது. உள்ளே புகுந்துவிட்ட ஈ6, ஈ7-ஐத் தொடாது. ஆதலின் முப்பது வயது கடந்த தாய்மார்கள் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். இளமையில் ஊசி போட்டுக்கொண்டவர்க்கும் இது பொருந்தும்.