மூன்று நாள் விருந்தாளி, ஓராண்டுப் பிள்ளை

(தன்னார்வத் தொண்டுக்காக ஜெர்மனி செல்லும் பிள்ளைகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஓசூரில் நடந்த ஆயத்தக் கூட்டத்தில், நம் அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே,

பாஸ்போர்ட்டைப் பற்றியோ விசாவைப் பற்றியோ இன்று பேசப் போவதில்லை. அதையெல்லாம் போன கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டோம். பெங்களூரில் ஜெர்மன் துணைத் தூதரகம் 40 கிலோமீட்டரில் இருக்கும்போது, தமிழ்நாட்டு முகவரி என்பதற்காக 300 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று அன்று சிலர் வருத்தப்பட்டீர்கள். எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

இன்று முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துத் தம்பி ஒருவர் இதே போல ஓராண்டுத் தொண்டுக்குப் போனார். நல்ல பிள்ளை, தொழுகையாளி, வாய் அதிர்ந்து பேசாதவர். அவருக்குச் சான்றிதழ்கள் வாங்கிக் கொடுத்தோம், குளிருக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்தோம், துஆ செய்து அனுப்பி வைத்தோம். நான்காவது மாதமே திரும்பி வந்துவிட்டார். ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். அங்கே கொடுமைப்படுத்திவிட்டார்கள் என்றார்கள், மார்க்கத்தை விடச் சொன்னார்கள் என்றார்கள். இரண்டுமே இல்லை. பல நாள் கழித்து அந்தத் தம்பியே எங்களிடம் சொன்னார்: "பாய், அந்த வீட்டில் எனக்குப் பசி."

நடந்தது இவ்வளவுதான். முதல் நாள் இரவு மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அந்நாட்டில் பல வீடுகளில் சூடான சாப்பாடு மத்தியானம்தான், இரவில் ரொட்டிதான். அதற்கு "மாலை ரொட்டி" என்றே பெயர். இறைச்சி என்ன இறைச்சியோ என்று தம்பிக்குச் சந்தேகம். கேட்கக் கூச்சம். "இன்னும் வேண்டுமா?" என்று அந்த அம்மா கேட்டதற்கு "வேண்டாம்" என்றார். நம் வீடுகளில் ஒருவர் வேண்டாம் என்றால் நாம் விடுவோமா? "அட, சும்மா சாப்பிடுப்பா" என்று தட்டில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. மூன்றாவது தடவை சொல்லும் வேண்டாம்தான் நமக்கு வேண்டாம். அங்கே முதல் வேண்டாமே வேண்டாம்தான். வற்புறுத்துவது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் வளர்ப்பு. தட்டை எடுத்துவிட்டார்கள். தம்பி அறைக்குப் போய்ப் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தார். மறுநாளும் அப்படியே. மூன்று மாதம்!

தொழுகைக்காகக் கதவைச் சாத்திக்கொண்டதை அவர்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு குறைந்ததைச் சமையல் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசி நாள் அந்த வீட்டு அம்மா அழுதாராம்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செய்து தந்திருக்க மாட்டேனா?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நாங்கள் அவருக்குக் கற்றுத் தரவில்லை. பிறர் வீட்டில் எதையும் கேட்காதே, கொடுத்ததைச் சாப்பிடு, வாயைத் திறக்காதே என்று நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஒரு கல்யாண வீட்டுக்கோ ஒரு வேளை விருந்துக்கோ அது அழகுதான். ஓராண்டு தங்கப் போகும் வீட்டுக்கு அது உதவாது.

நமக்கு இதில் முன்மாதிரி இல்லையா என்றால், ஊர் விட்டுப் போய் இன்னொருவர் வீட்டில் தங்கியதிலிருந்துதான் நம் ஹிஜ்ரிக் கணக்கே தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) வீட்டில் தங்கினார்கள். பள்ளிவாசலும் அதை ஒட்டிய அறைகளும் கட்டி முடியும் வரை சுமார் ஏழு மாதம் என்று வரலாற்றில் வருகிறது. மாடி வீடு. நபியவர்கள் கீழே, வீட்டுக்காரர் மேலே. ஒரு நாள் மேலே தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது. கீழே சொட்டிவிடுமோ என்று பதறி, கணவனும் மனைவியும் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அந்தத் தண்ணீரைத் துடைத்தெடுத்தார்கள். இதை நாம் பயான்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம்.

அதே வீட்டில் நடந்த இன்னொன்றை அவ்வளவாகச் சொல்வதில்லை. தினமும் சாப்பாடு செய்து அனுப்புவார்கள். ஒரு நாள் தட்டு தொடப்படாமல் திரும்பி வந்தது. அபூ அய்யூப் பதறிப் போய் நேரே வந்து கேட்டார்கள்: இது ஹராமா? நபியவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்: ஹராம் அல்ல, ஆனால் இதில் பூண்டு இருக்கிறது, அந்த வாடை எனக்கு ஒவ்வாது. அதன் பிறகு அவர்களுக்கான சாப்பாட்டில் பூண்டு சேர்க்கவில்லை. வீட்டுக்காரர் மனத்தில் வைத்துக் குமையவில்லை, கேட்டார். விருந்தாளி மழுப்பவில்லை, காரணத்தோடு சொன்னார்கள். ஒரே நாளில் தீர்ந்தது. நம் தம்பிக்கு மூன்று மாதம் ஆகியும் தீரவில்லை.

இந்தப் பயணம் என்ன என்று தெரியாத தாய்மார்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். ஜெர்மன் அரசு 2008-இல் வெல்ட்வேர்ட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் அந்நாட்டு இளைஞர்கள்தான் இந்தியா போன்ற நாடுகளுக்குத் தொண்டு செய்ய வந்தார்கள். 2013-இலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே போக வழி வந்தது. அங்கே போனதும், 2011-இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திய ஆண்டில் அவர்கள் தொடங்கிய தன்னார்வச் சேவையில் சேர்ந்துகொள்கிறார்கள். பாலர் பள்ளி, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம் போன்ற இடங்களில் வேலை. தங்குமிடம், உணவு, காப்பீடு, கைச்செலவுக்கு ஒரு தொகை உண்டு. சம்பளம் கிடையாது. அதனால் "ஜெர்மனியில் வேலை" என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்கும் எவரிடமும் போகாதீர்கள். பிள்ளை மாதாமாதம் பணம் அனுப்பும் என்றும் எண்ணாதீர்கள். அந்தக் கைச்செலவுத் தொகையில் மிச்சம் பிடித்து அனுப்பினால் அது பிள்ளையின் பஸ் காசாகத்தான் இருக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஹோஸ்ட் ஃபேமிலி என்கிறார்கள், நாம் தங்கும் வீட்டார் என்போம்.

தம்பிக்குப் பிறகு போன ஒரு தங்கையின் அனுபவத்தைச் சொல்கிறோம். அவர் போய் இறங்கிய மறுநாள் மாலையே வீட்டாரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். தெரிந்த அரைகுறை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொண்டு நாலு விஷயம் சொன்னாராம். பன்றி இறைச்சியும் மதுவும் சேர்ந்தது எதுவும் சாப்பிட மாட்டேன், மற்ற இறைச்சியும் ஹலால் கடையில் வாங்கியதென்றால்தான். ஒரு நாளைக்கு ஐந்து வேளை சில நிமிடம் கதவைச் சாத்தித் தொழுவேன், அது கோபமல்ல. ஆண்களோடு கை குலுக்க மாட்டேன், நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்வேன், அது அவமதிப்பு அல்ல. நாலாவதாக, உங்கள் வீட்டில் நான் என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

நாலாவதுதான் மற்ற மூன்றையும் தூக்கி நிறுத்தியது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தன் தேவையை மட்டும் சொல்லியிருந்தால் அது பட்டியலாக இருந்திருக்கும். விருந்து மூன்று நாள்தான், அதற்கு மேல் கொடுப்பது தர்மம், வீட்டுக்காரருக்குச் சிரமம் ஆகும் வரை தங்குவது விருந்தாளிக்கு ஆகுமானதல்ல என்று ஹதீஸில் வருகிறது. ஓராண்டு தங்குகிறவர் நாலாம் நாளிலிருந்து விருந்தாளி அல்ல, அந்த வீட்டுப் பிள்ளை. பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை அடுக்குவது, குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், உணவுக் கழிவு என்று பிரித்துப் போடுவது, காலிப் பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கி வருவது, குளிரிலும் காலையில் ஜன்னலைத் திறந்து அறைக்குக் காற்று விடுவது எல்லாம் அங்கே வீட்டு வேலைதான். ஆண்பிள்ளைகளே, சிரிக்காதீர்கள், உங்களுக்கும்தான். நம் வீட்டில் தம்ளரைக்கூட எடுத்து வைக்காதவர் அங்கே போய் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது கஷ்டம். இங்கேயே, இன்றிரவே அம்மாவிடம் தொடங்குங்கள்.

அந்தத் தங்கை சனிக்கிழமை சமையலைத் தானே ஏற்றுக்கொண்டார். நம் வீட்டுக் குஸ்கா, தால்ச்சா. அந்த வீட்டுக் குழந்தைகளுக்குக் காரம் தாங்கவில்லை, பிறகு பழகிவிட்டது. இறைச்சி எங்கே வாங்கினார் என்று கேட்பீர்கள். 1961-இல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை அழைத்தது. இன்று அந்நாட்டில் ஏறக்குறைய 55 லட்சம் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். ஓரளவு பெரிய ஊர் என்றால் துருக்கிக் கடை இருக்கும், பெரும்பாலும் பள்ளிவாசலும் இருக்கும். சிற்றூரில் தங்குகிறவர் வாரம் ஒரு தடவை பஸ்ஸில் போய் வாங்கி வர வேண்டியிருக்கும். மற்ற நாளில் முட்டை, மீன், பருப்பு. மிட்டாயில் ஜெலட்டின் உண்டா, கேக்கில் மது உண்டா என்று பாக்கெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

தொழுகை நேரம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் மஃரிப் மாலை ஆறுக்கும் ஏழுக்கும் அங்கே இங்கேதான் போகும். அங்கே ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும், டிசம்பரில் மாலை நாலு மணி சுமாருக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள்ளேயே அடுத்தடுத்து வந்து நிற்கும். வேலையிடத்தில் ஐந்து நிமிடமும் ஒரு மூலையும் கேட்க வேண்டும். ஜும்ஆவுக்கும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். கேட்காமல் நழுவிப் போவது கூடாது, குழந்தைகளை விட்டுவிட்டுப் போனால் அமானிதம் என்ன ஆகும்? கோடையில் இஷா நள்ளிரவை நெருங்கும்போது என்ன செய்வது, வீட்டில் நாய் இருந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் புறப்படும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தொழுகை விரிப்பை மடித்து அலமாரியில் வைப்பதும், அறைக் கதவைச் சாத்தி வைக்கும்படி வீட்டாரிடம் சொல்வதும் உங்கள் கையில் இருக்கிறது. இன்னொன்று, கழிவறையில் தண்ணீர் இருக்காது. ஒரு சின்ன மக் பெட்டியில் வையுங்கள். இதற்குக் கூச்சம் வேண்டாம்.

எல்லா வீடும் நல்ல வீடாக அமையும் என்று நாங்கள் உறுதி சொல்ல மாட்டோம். சொல்லிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால் அனுப்பிய அமைப்பின் பொறுப்பாளரிடம் பேசி வேறு வீடு கேட்கலாம். அது தோல்வியல்ல. 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆண்டில் 25 நாள் பயிற்சிக் கூட்டங்கள் உண்டு. மற்ற நாட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், மனம் விட்டுப் பேச அது நல்ல இடம். நம் பிள்ளைகளில் சிலர் அங்கே சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம்.

மொழியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். நம் வீட்டில் தக்னி, பள்ளியில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும் என்று வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். தப்பாகப் பேசி, சிரிப்பு வாங்கி, திருத்திக்கொண்டு பழகியவர்கள். ஜெர்மனும் அப்படித்தான் வரும்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நமக்கு இரவு பத்தரை ஆகும்போது அங்கே மாலை ஆறு அல்லது ஏழு, அவர்கள் மேசையில் உட்காரும் நேரம். தினமும் அந்நேரம் வீடியோ அழைப்பு வந்தால் பிள்ளை தட்டோடு அறைக்குப் போய்விடும். தம்பி விஷயத்தில் அதுவும் நடந்தது. வாரம் இரண்டு நாள், நேரம் பேசி வைத்துக்கொண்டு அழையுங்கள். "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "அவங்க எல்லாம் எப்படி இருக்காங்க" என்றும் கேளுங்கள்.

போன கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார், "தெரியாத வீட்டில் என் மகளை எப்படி விடுவது?" நியாயமான கேள்வி. நம் ஊரைப் பாருங்கள். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஆலைகள் வந்த 1980களிலிருந்து ஓசூரில் தெரியாத வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது சொந்த ஊர் இல்லை. இன்று ஜார்க்கண்டிலிருந்துகூடப் பெண்பிள்ளைகள் இங்கே ஆலை வேலைக்கு வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். அவர்களுடைய தாய்க்கும் இதே கேள்வி இருந்திருக்கும்.

அந்தத் தாயின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். இந்த ஆண்டு போகும் மூன்று பிள்ளைகளும் புறப்படும் முன் ஒரு வாரம் முன்பின் தெரியாத வீட்டில் தங்கிப் பழகட்டும். முதல் நாள் தன் தேவையைச் சொல்லட்டும், நாலாம் நாள் அந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவட்டும். இரண்டு வீடு கிடைத்துவிட்டது. ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில், கன்னடம் மட்டும் பேசும் குடும்பம். இன்னொன்று மத்திகிரியில் ஓய்வு பெற்ற கிறிஸ்தவ ஆசிரியை ஒருவரின் வீடு. அங்கே நாயும் இருக்கிறதாம், நல்லதாய்ப் போயிற்று. மூன்றாவது வீடு கிருஷ்ணகிரிப் பக்கம் கிடைத்தால் நல்லது. நம் ஜமாஅத்துக்கு வெளியே உள்ள குடும்பமாக இருக்க வேண்டும். உங்கள் கடைக்கு வருகிறவர், உடன் வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டார் யாராவது சம்மதிப்பார்களா என்று கேட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் குழுவில் ஒருவரிடம் சொல்லுங்கள்.