பழைய கார் ஒன்று வாங்கப் போனேன்

கணக்குப் பாடம் நடத்துகிறவன் கடைத்தெருவில் ஏமாறமாட்டான் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்பு சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் வசிப்பது திருத்தணியில். வேலை பார்க்கும் பள்ளி 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சனிக்கிழமை வகுப்புகளையும் சேர்த்தால் மாதத்தில் ஏறக்குறைய 25 நாள் போய்வர வேண்டும். என் தாயாருக்கு எண்பது வயது ஆகப்போகிறது. மாதம் ஒருமுறை அவரை வேலூருக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் இயலவில்லை. ஆகவே கார் ஒன்று அவசியமாயிற்று. கையில் இருந்த பணமோ 7 லட்சம் ரூபாய். அதிலும் ஒரு பகுதி கடன். புதிய காருக்கு அது போதாது. தவறான வண்டியை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

இரண்டு வண்டிகள் விலைக்கு வந்தன. இரண்டும் ஐந்து ஆண்டுகள் ஓடியவை. ஒன்று பெட்ரோல் கார். விலை 5 லட்சம். மற்றொன்று மின்சாரக் கார். விலை 7 லட்சம். எதை வாங்குவது?

மின்சாரக் கார் நேற்றுப் பிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. 1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் ஓடியவையே. அக்காலத்துப் பெட்ரோல் காரைக் கிளப்ப, முன்புறம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். சற்றுத் தவறினால் கை முறியும். சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்விசைத் தொடக்கி 1912இல் காடிலாக் காரில் வந்தது. அந்தத் தொல்லை ஒழிந்தது; பெட்ரோலும் மலிந்தது; மின்சாரக் கார் மறைந்தது. நம் நாட்டில் 2001இல் பெங்களூரிலிருந்து ரேவா என்னும் சிறு மின்சாரக் கார் வந்தது. கனத்த ஈயப் பாட்டரிகளைச் சுமந்துகொண்டு, ஒருமுறை மின்னேற்றினால் 80 கிலோமீட்டர் அளவே அது ஓடும். எடை குறைந்த லித்தியம் பாட்டரி வந்த பிறகே நிலைமை மாறியது. அதை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். பழைய பெட்ரோல் காரின் வயது வெளியே தெரியும். புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோய் சொல்லும் மெக்கானிக்குகள் எங்கள் ஊர்ச் சாலையில் நால்வராவது உண்டு. மின்சாரக் காரோ புகைவதில்லை, இரைவதில்லை. அதன் மூப்பு முழுவதும் வண்டியின் அடியில் பூட்டிக் கிடக்கும் பாட்டரியில் மறைந்திருக்கிறது. ஓட ஓடவும், சும்மா நின்றாலும்கூட, பாட்டரியின் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். கோடையில் தமிழ்நாட்டிலேயே மிகுந்த வெயில் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று என்பது வானொலியில் வானிலை அறிக்கை கேட்போருக்குத் தெரியும். ஆகவே பெட்ரோல் காரைக் காதால் சோதிக்கலாம். மின்சாரக் காரைக் கணக்கால்தான் சோதிக்க வேண்டும்.

அந்தக் கணக்கு எளியது. பாட்டரியின் கொள்ளளவைச் சொல்வதும் நம் வீட்டு மீட்டர் காட்டும் அதே யூனிட்தான். நான் பார்த்த வண்டியின் பாட்டரி புதிதாயிருந்தபோது 30 யூனிட் கொள்ளும். சொந்தக்காரரிடம் ஒருநாள் இரவல் கேட்டு வாங்கினேன். முழுதும் மின்னேற்றி, பாட்டரியில் 20 சதவிகிதம் மிஞ்சும்வரை, நான் வழக்கமாகப் போகும் சாலையிலேயே ஓட்டினேன். 128 கிலோமீட்டர் ஓடியது. பிறகு வீட்டில் மறுபடி முழுதும் ஏற்றினேன். மீட்டரில் 23 யூனிட் ஏறியிருந்தது. ஏற்றும்போது சற்று வெப்பமாக வீணாகும். அதற்கு எட்டில் ஒரு பங்கு கழித்தால், பாட்டரிக்குள் சென்றது 20 யூனிட். 80 சதவிகிதத்துக்கு 20 என்றால் முழுமைக்கு 25. ஆக, முப்பது கொண்ட பாட்டரி இப்போது இருபத்தைந்து கொள்கிறது. முழுதும் ஏற்றினால் 160 கிலோமீட்டர் ஓடும். விற்பவர் சொன்ன தூரம் வேறு. அவர் பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன். புதிய வண்டிக்குச் சொல்லப்பட்டதை அவர் பழைய வண்டிக்கும் சொன்னார்.

செலவைப் பார்ப்போம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 23 யூனிட்டுக்கு 184 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 44 காசு ஆகிறது. பெட்ரோல் காரோ லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடியது. லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 25 காசு. ஏன் இவ்வளவு வேற்றுமை? பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே சக்கரத்தைச் சேர்கிறது. மிச்சம் சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தினிடையே வண்டிகள் நகராமல் நிற்கும்போது, பெட்ரோல் எஞ்சின் நின்றபடியே குடித்துக்கொண்டிருக்கும். மின்சார மோட்டார் நின்றால் பேசாமல் நிற்கும். மலைப்பாதையில் இறங்கும்போதோ, மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஏறும்போது செலவழித்ததில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பித் தருகிறது.

மாதம் 1,250 கிலோமீட்டர் பள்ளிக்கு மட்டும் ஓடினால் ஏறத்தாழ 6,000 ரூபாய் மிச்சம். விலையில் உள்ள 2 லட்ச ரூபாய் வேற்றுமையை ஈடுகட்ட 33 மாதம் ஆகும். அந்த வண்டியின் பாட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம். ஐந்து கழிந்துவிட்டது, 36 மாதம் மிச்சம். கணக்கு மயிரிழையில் தப்பியது. அந்த உத்தரவாதம் இரண்டாம் உடைமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் பெற்ற பிறகே மேலே யோசித்தேன்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மனிதர்களுக்கு எல்லை அன்றே தீர்ந்தது; மோட்டார்களுக்கு இன்றும் தீரவில்லை. ஆந்திரப் பதிவுள்ள வண்டியை வாங்கி 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்துக்கொள்வதானால், அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். விலை குறைவு என்று நகரிப் பக்கம் போய் வாங்குகிறவர்கள் இச்செலவையும் கூட்டிக்கொள்வது நல்லது.

இவ்வளவு கணக்குப் போட்டும் என் மனம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. வேலூர் எங்களுக்கு 80 கிலோமீட்டர் அளவில் உள்ளது. போய்வர 160. பாட்டரி தருவதும் அதே 160. ஒரு கிலோமீட்டர்கூட உபரி இல்லை. தாயாரை வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டால்? பெட்ரோல் காரே மேல் என்று தோன்றிற்று. அப்போது என் தாயார் சொன்னார்: "வேலூருக்கு நான் போவது மாதத்தில் ஒரு நாள். பள்ளிக்கூடத்துக்கு நீ போவது இருபத்தைந்து நாள். ஒரு நாளுக்காக இருபத்தைந்து நாளும் பணத்தை எரிப்பாயா? அந்த ஒரு நாளுக்கு வேறு ஏற்பாடு செய், அப்பா."

நான் மின்சாரக் காரை வாங்கினேன். வேலூரில் தாயார் மருத்துவருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வண்டிக்கு மின்னேற்றிக்கொள்வது என்பது ஏற்பாடு. மறைக்காமல் சொல்கிறேன்: சென்ற மே மாதத்தில் ஒருநாள் அந்த ஏற்பாடு பொய்த்தது. மின்னேற்றும் இடத்தில் மின்சாரம் இல்லை. குளிர்சாதனமும் சேர்ந்து பாட்டரியைக் கரைத்திருந்தது. அடுத்த இடத்தைத் தேடிப் பிடித்து, வெயிலில் ஒன்றரை மணி நேரம் அவரைக் காக்கவைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் விலையை நான் எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அன்றுமுதல் வழியில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டே புறப்படுகிறேன்.

ஆகையால் மாணவ நண்பர்களே, எல்லாரும் மின்சாரக் காரையே வாங்குங்கள் என்று நான் கூறவில்லை. நாள்தோறும் தொலைவூர் போகும் வியாபாரிக்கும், வீட்டில் மின்னேற்ற இடமில்லாத மாடிக் குடித்தனக்காரருக்கும், மாதத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கும், அந்த 5 லட்ச ரூபாய்ப் பெட்ரோல் காரே தக்கது. மின்சாரக் கார் புகையே விடாதது என்றும் பெருமை கொள்ள வேண்டாம். நம் மாவட்டத்து அத்திப்பட்டில் உள்ள அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். நிலக்கரி குறைந்து காற்றும் கதிரவனும் தரும் மின்சாரம் பெருகப் பெருகத்தான் அந்தப் பெருமை நமக்கு உரியதாகும்.

நான் கற்றது இதுதான். எந்த வண்டி சிறந்தது என்று கேட்பதற்கு முன், என் வழி எது, அது எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். அன்றாட வாழ்வை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரிதாக வரும் நாளுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அந்த ஏற்பாடு ஒருநாள் தவறக்கூடும் என்பதையும் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.