கெளுத்தி வளர்ப்பும் கலப்பினக் குஞ்சும்



கெளுத்தி வளர்ப்பில் நட்டம் பெரும்பாலும் குஞ்சுப் பருவத்திலேயே நேருகிறது என்பதை நாம் அறிவோம். பருத்த குஞ்சு சிறியதை விழுங்கிவிடுகிறது. ஒரு சில தாய்மீன்களிலிருந்தே தலைமுறைதோறும் குஞ்சு எடுத்துவந்தால், வளர்ச்சி குன்றி, உயிர் பிழைப்பனவும் குறைகின்றன.

உறவில்லாத குலவழிகளைச் சேர்த்தால் அக்குறை நீங்குவதுண்டு. அமெரிக்காவில் கால்வாய்க் கெளுத்திப் பெண்மீனையும் நீலக் கெளுத்தி ஆண்மீனையும் இணைத்துப் பெற்ற குஞ்சுகள் விரைந்து வளர்கின்றன. சில நோய்களையும் தாங்குகின்றன. தாய்லாந்தில் அந்நாட்டுக் கெளுத்தியோடு ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கலக்கின்றனர்.

தாய்லாந்தின் வழி நமக்கு ஆகாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அது வெள்ளத்தில் தப்பி ஏரியை அடைந்தால் நம் மீன்களைத் தின்னும். அதன் கலப்பினம் நாட்டுக் கெளுத்தியின் வித்தையே கெடுக்கக்கூடும். ஆகவே, "கலப்பினக் குஞ்சு" என்று விற்க வருவோரிடம் அதன் தாய் எது, தந்தை எது என்று கேட்டறிதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை மூன்று: உறவில்லாத நாட்டுக் கெளுத்திகளையே இணைத்தல், தாய்மீன்களுக்குக் கணக்கேடு வைத்தல், குஞ்சுகளை அவ்வப்போது அளவு பிரித்து வேறு வேறு தொட்டிகளில் விடுதல். இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை, வேண்டுவது கவனமே. குளம் நம்முடையது, ஏரியோ ஊருக்கெல்லாம் பொது. முன்னதன் வருவாய்க்காகப் பின்னதை இழத்தல் தகாது.