புறக்கடைப் பச்சிலைகள்

(சங்கத்து மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

நம் திருவொற்றியூரில் சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலி நாச்சியாருக்குச் சூளுரைத்தது மகிழமரத்தின் அடியில் அன்றோ? மாசித் திருவிழாவில் நிகழும் மகிழடிச் சேவை அதனை இன்றும் நினைப்பூட்டுகின்றது. மரத்தையே சான்றாகக் கொண்ட ஊரில் வளரும் நம் சிறார், வீட்டுக்கு உதவும் செடிகளின் பெயரையும் அறியார். சின்னாட்களுக்கு முன் யாம் வகுப்பில் ஐந்து இலைகளை வைத்து வினவினோம். கறிவேப்பிலை ஒன்றையே பலரும் அறிந்தனர். நொச்சியை முகர்ந்து, "எங்கள் ஆயா ஆவி பிடிக்கும் இலை" என்றவன் ஒருவனே. அம்மூதாட்டியோடு அவ்வறிவும் மறையுமோ என அஞ்சியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக்காற்றும் மணற்பாங்கும் இயல்பு. பூவரசும் புன்னையும் அவற்றைப் பொருட்படுத்தா. இடமுடையோர் நிழலுக்கு அவற்றையும், வேலிக்கு நொச்சியையும் ஆடாதோடையையும் நடுக. பின்னிரண்டும் கிளையை ஒடித்து ஊன்றினாலே தழைக்கும். ஆடு தொடாமையின் ஆடாதோடைக்குக் காவலும் வேண்டா. அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் இருமல் மருந்து பிற்காலத்தில் ஆக்கப்பட்டது. எனினும் கருவுற்ற மகளிர் ஆடாதோடையை உட்கொள்ளலாகாது.

முற்றமில்லாதோர் வருந்தற்க. மாடியில் நான்கு தொட்டிகள் போதும். பிரண்டை ஒரு கணுவை ஊன்ற வேர்கொள்ளும். நீர் சிறிதே வேண்டும். அதன் இளந்தண்டை எண்ணெயில் நன்கு வதக்கிப் புளி கூட்டித் துவையலாக்குக. அன்றேல் நா அரிக்கும். தூதுவளைக்கு ஒரு கொம்பு நட்டால் படர்ந்தேறும். அதன் முள்ளை நீக்கி இரசம் வைக்கலாம். கற்பூரவல்லி சாளரத்தோரத்திலும் வளரும்.

இனி, யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. கீரை நன்று, மண் நன்றோ? அனல்மின் நிலையச் சாம்பல் கொசத்தலையாற்றுப் பாங்கில் படிந்திருத்தலைக் கண்டுள்ளோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழியையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியதை மறந்தோமல்லோம். இலைமேல் படிந்த தூசியைக் கழுவிப் போக்கலாம். வேர் உறிஞ்சிய நஞ்சைக் கழுவுதல் இயலாது. ஆதலின், வெள்ளமும் சாம்பலும் புகுந்த நிலத்தில் வேலியும் நிழல்மரமும் மட்டும் வளர்க்க. உண்ணும் செடிகளை ஓரடி ஆழத் தொட்டியில், வெளியினின்று கொணர்ந்த செம்மண் இரு பங்கும், மட்கிய எருவும் மணலும் ஒவ்வொரு பங்குமாகக் கலந்து வளர்க்க. சாக்கடையோரத்துக் கீரையைப் பறித்தல் கூடாது. மூச்சுத்திணறல் முதலிய கடுநோய்க்கு மருத்துவரையே நாடுக. பச்சிலை அவர்க்கு ஈடாகாது.

அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு கிளையோ கொடியோ கொணர்ந்து மாற்றிக்கொள்வோமாக. யாம் நொச்சிக் கிளைகளைக் கொணர்வோம். பெற்றுச் செல்லும் பிள்ளைகட்கு அதன் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். செடி பட்டுப்போயினும் பெயர் நிற்குமாயின், மீண்டும் தேடி நடுதற்கு வழியுண்டு.