ஒப்புக்கொண்டுதானே வந்தாய் என்கிறார்கள்

வாடகை வீட்டில் குடியிருக்கும் தோழர்களே, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே!

வீட்டுக்காரர்களையும் சேர்த்தே அழைக்கிறேன். அவர்களிடம்தான் இன்று எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

தென்காசியிலிருந்து ஒரு பிள்ளை வேலை கிடைத்துச் சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறது. பெருங்குடியில் வேலை, திங்கட்கிழமை சேர்ந்தாக வேண்டும். பதினைந்தாயிரம் ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு அமைகிறது. அட்வான்ஸ் எவ்வளவு? பத்து மாதம். ஒன்றரை லட்சம்! புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை முன்கூட்டியே. ஆக, 1,80,000 ரூபாயை எண்ணி வைத்தால்தான் சாவி கைக்கு வரும். முதல் சம்பளம்கூட வாங்காத பிள்ளை அந்தப் பணத்துக்கு எங்கே போகும்? அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. அப்பா இரண்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறார்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது 11ஆம் பிரிவு. வீட்டைக் காலி செய்தால், சேர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதே பிரிவின் வாசலில் ஒரு விதிவிலக்கையும் உட்கார வைத்துவிட்டார்கள். இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் இந்த வரம்பு செல்லாதாம்!

தோழர்களே, பையும் பெட்டியுமாக நடைபாதையில் நிற்பவனுக்கும், சாவியைக் கையில் வைத்திருப்பவருக்கும் நடுவே நடப்பது என்ன ஒப்பந்தம்? அவன் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு வழி இல்லாமல் தலையாட்டுகிறான். மூன்று மாதத்துக்கு 45,000. அதற்கு மேல் வாங்கும் 1,05,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி போட்டுப் பாருங்கள், மாதம் 2,100 ரூபாய். வாடகைச் சீட்டில் எழுதாத வாடகை அது. கரண்ட் விஷயத்திலும் இதே கதைதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. அந்த நூறு யூனிட்டுக்கும் காசு வாங்கும் வீடுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. கேட்டால், ஒப்புக்கொண்டுதானே வந்தாய் என்று பதில் வருகிறது.

பணத்தையாவது புரட்டிவிடலாம். அதற்கு முன்னால் ஒரு விசாரணை நடக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. "சொந்த ஊர் எது?" "ஊரில் எந்தத் தெரு?" "குலதெய்வம் எது?" "அசைவம் சாப்பிடுவீர்களா?" சாதியின் பெயரை வாயால் சொல்லாமலே சாதியைக் கண்டுபிடிக்கும் கேள்விகள் இவை. பதில் பிடிக்கவில்லை என்றால் சொல்வதற்கு ஒரே வாசகம்தான்: "நேத்தே ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டாரே!" முஸ்லிம் பெயரைக் கேட்டதும் இதே வாசகம். கணவனைப் பிரிந்து குழந்தையோடு வரும் பெண்ணுக்கும் இதே வாசகம். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனால் டு-லெட் பலகை அங்கேயே தொங்கும்.

"என் வீடு, என் விருப்பம்" என்கிறீர்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் யாரை விடுவது என்பது உங்கள் விருப்பம். காசுக்கு விடும் வீடு தொழில். கடையிலும் ஓட்டலிலும் சாதி மதம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு ராத்திரி தங்கும் லாட்ஜில் சாதி பார்ப்பது தவறு. மூன்று வருடம் குடியிருக்க வரும் வீட்டில் பார்ப்பது மட்டும் விருப்பமா? எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தீண்டாமையின் பெயரால் தடுத்தால் சிறை என்று 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையால்தான் தடுத்தார்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும்; அப்படி இல்லை என்று மெய்ப்பிப்பது தடுத்தவரின் பொறுப்பு. இத்தனை வலுவான சட்டம் கையில் இருந்தும், வீடு மறுத்ததற்காக அதைப் பயன்படுத்திப் புகார் கொடுத்தவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? ஆனால் முஸ்லிமுக்கோ, தனியாக வாழும் பெண்ணுக்கோ இந்தச் சட்டமும் துணைக்கு வராது.

வீட்டுக்காரர்களின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஓய்வூதியப் பணத்தில் மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் பெரியவர்கள் உண்டு. குடிவந்தவர் வாடகை தராமல் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது என்ற கவலை நியாயமானது. அதற்கும் 2017 சட்டத்தில் வழி இருக்கிறது: இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு தரும் பாதுகாப்பைக் குலதெய்வத்தின் பெயர் தராது.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையில் இருந்த சாதிப் பெயரை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை போனார்கள். அந்தப் பலகையும் என் கடை, என் விருப்பம் என்றுதான் தொங்கியது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நிறமும் மதமும் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை பேசும் நாம் இன்னும் எதற்குக் காத்திருக்கிறோம்?

அரசை இந்த மேடையிலிருந்து கேட்கிறோம். 11ஆம் பிரிவின் விதிவிலக்கை நீக்குங்கள். சாதி, மதம், உணவு, திருமண நிலை பார்த்து வாடகை வீடு மறுப்பதைக் குற்றமாக்கி ஒரு சட்டம் கொண்டு வாருங்கள். வீட்டுக்காரப் பெரியவர்களே, சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாத அட்வான்ஸ் வாங்குங்கள், வாங்கியதற்கு ரசீது கொடுங்கள், வருகிறவரிடம் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள்.