மலையும் மருந்தும் எந்த அலமாரியில்?

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மரம் நடுங்கள், குப்பை போடாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள். நான் பேச வந்தது புத்தகம் தேடுவதைப் பற்றி.

இடுபணி என்று வந்துவிட்டால் பிள்ளைகள் கைப்பேசியைத் தட்டி, முதலில் வருவதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறார்கள். அமேசான் காடு அழிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற பினாங்கு மலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏனப்பா என்று கேட்டால், "நம்ம ஊரைப் பத்திப் புத்தகமே இல்லீங்க சார்" என்கிறார்கள். இருக்கிறது பிள்ளைகளே, நிறைய இருக்கிறது. வேறு பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1801-இல் தோன்றிய பள்ளிவாசலின் பெயரை இன்று அந்தச் சாலை தாங்கி நிற்கிறது. ஆனால் உங்கள் தாத்தாவைக் கேட்டால் "பிட் ஸ்திரீட்டா?" என்பார். பழைய நூல்களிலும் பிட் ஸ்திரீட்தான். இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் அந்த நூல்கள் அகப்படா. நம் தீவுக்கே பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவு என்று ஒரு பெயர் இருந்தது. செபராங் பிறைக்கு வெல்லஸ்லி மாநிலம் என்று பெயர். பழைய பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் நூலகத்துக்குள் நுழைவது, முகவரி இல்லாமல் வீடு தேடுவது போலத்தான்.

இதே சாலை லைட் ஸ்திரீட்டைத் தொடுகிற பக்கம், உயர்நீதிமன்றத்தின் அருகே ஒரு வெள்ளை நினைவுச் சின்னம் நிற்கிறது. பலர் அதன் முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போயிருப்பீர்கள். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருக்கு எடுத்தது அது. அந்த மனிதர் வழக்கறிஞர் வேலையோடு நிற்கவில்லை. இந்தியத் தீவுக்கூட்டங்களையும் கிழக்காசியாவையும் பற்றி 1847 முதல் ஓர் ஆராய்ச்சி ஏடு நடத்தினார். அதில் 1848-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பினாங்கின் மலைக்காடுகளைத் தொடர்ந்து அழித்தால் இந்த ஊரின் தட்பவெப்பம் என்னவாகும் என்பதுதான் பொருள். தட்பவெப்பம் ஊருக்கே பொதுவான சொத்து, அதைக் காப்பது அரசாங்கத்தின் கடமை என்பது அவர் வாதம். யோசித்துப் பாருங்கள், 1848!

இந்தக் கட்டுரையைச் 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லைப் போட்டுத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு துறையே இல்லை. 'கிளைமேட்', 'ஹில்', 'ஜங்கிள்' என்று தேட வேண்டும். அந்த ஏட்டின் பழைய தொகுதிகளை இன்று இணையத்தில் காசில்லாமலே படிக்கலாம். அதை அடுத்துப் பிடிக்க வேண்டியது 1894. 1884-இல் தொடங்கிய நம் தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தைக் கவனித்து வந்த சார்ல்ஸ் கர்ட்டிஸ், இத்தீவில் தானாக வளரும் பூச்செடிகளையும் பெரணிகளையும் பட்டியல் போட்டு அவ்வாண்டில் வெளியிட்டார். அன்று இருந்த எந்தச் செடி இன்று இல்லை என்று ஒரு ஐந்தாம் படிவ மாணவி ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும், நல்ல ஆராய்ச்சி ஆகிவிடும்.

எதற்கு இவ்வளவு பழைய கதை என்று நினைப்பீர்கள். 2017 அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். இரண்டு வாரம் கழித்து நவம்பர் 4, 5-இல் பெய்த மழையில் ஊரே மூழ்கியது. அன்று உங்களில் பலர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். எதனால் எது நடந்தது என்று மேடையில் தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ஆனால் மலையைத் தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி நம் ஊரில் எத்தனை தலைமுறைக் கேள்வி என்று தெரிந்தவன் பேசுகிற பேச்சுக்கும், தெரியாதவன் பேசுகிற பேச்சுக்கும் வித்தியாசம் உண்டு.

சரி, மலையை விடுவோம். தோட்டத்துக்கு வருவோம். தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

பால்மரத்திலும் செம்பனையிலும் தோம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். "என்ன மருந்தும்மா?" என்று கேட்டால் "புல்லு மருந்து" என்பார்கள். அந்தப் பெயரில் எந்த நூலகத்திலும் புத்தகம் இல்லை. மண்டோரைக் கேட்டால் கிரமாக்சோன் என்பார். அது கடைப் பெயர். அதன் உண்மைப் பெயர் பாராகுவாட். 1955-இல் அது புல்லைக் கொல்லும் என்று இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். 1962-இல் விற்பனைக்கு வந்தது. உடம்புக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும், மாற்று மருந்து கிடையாது. இந்தப் பெயர் தெரிந்தவுடன் கதவு திறக்கிறது. ஆனால் ஒரே கதவு இல்லை, அதைத்தான் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

பொது நூலகங்களில் பெரும்பாலும் டூயி எண் முறையில்தான் புத்தகம் அடுக்குவார்கள். களைக்கொல்லி என்ற முறையில் பாராகுவாட் விவசாய அலமாரியில் 632-இல் இருக்கும். நஞ்சு என்ற முறையில் மருத்துவத்தில் 615.9. தொழிலாளர் பிரச்சினை என்றால் 331. சுற்றுச்சூழல் கேடு என்றால் 363.7. ஒரே விஷம் நாலு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது! 632-இல் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் புல் எப்படிச் சாகும் என்று தெரியும், ஆள் எப்படி நோவான் என்று தெரியாது. மருந்தடித்த அம்மாவுக்கு மூக்கில் ரத்தம் வந்ததும், நகம் நிறம் மாறி விழுந்ததும் 615.9-இல்தான் எழுதியிருக்கும். அங்கேயும் மூக்கில் ரத்தம் என்று இருக்காது, 'எபிஸ்டாக்சிஸ்' என்று இருக்கும். மலாய் நூல்களுக்கு இன்னொரு பெயர்: 'ராச்சுன் மக்லுக் பெரோசாக்'. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே அதுதான் பெயர்.

பெயர் தெரிந்து தேடினால் தேதிகளும் வரிசையாக வரும். சுவீடன் நாடு பாராகுவாட்டை 1983-இல் தடை செய்தது. நம் அரசாங்கம் 2002-இல் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதி முழுத் தடை நடப்புக்கு வந்தது. சுவீடனுக்கும் நமக்கும் நடுவில் 37 வருஷம். அந்த வருஷங்களில் தோம்பு சுமந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம்.

இன்று வேறு மருந்து வந்திருக்கிறது. பிள்ளைகளே, காலித் தோம்பைத் தொடாதீர்கள். அம்மாவையோ அப்பாவையோ லேபிளை மட்டும் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் இருக்கிற பெயர் வேண்டாம். சின்ன எழுத்தில் 'பாஹான் அக்திப்' அல்லது 'பெராவிஸ் அக்திப்' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். கிளைபோசேட் என்று இருந்தால், இரண்டு பக்க வாதத்தையும் படிக்க வேண்டும். 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் குழு, அது புற்றுநோய் தரக்கூடும் என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படி இருக்க வாய்ப்பில்லை என்றது. இரண்டையும் எழுதுகிற பிள்ளைக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன். மருந்துக் கம்பெனி அச்சிட்ட கையேட்டையும் படியுங்கள், தப்பில்லை. யார் காசில் அச்சானது என்று பின்னட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

எங்கே போவது? பினாங்கில் நூலகம் 1817-இலேயே வந்துவிட்டது. இப்போது பொது நூலகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவில் இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுவே கிட்டம். தீவில் இருப்பவர்களுக்குக் கிரீன் லேனில் மின்னியல் நூலகம் உண்டு. ஆழமாகப் போக வேண்டுமென்றால் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகம். அங்கே வெளியார் போகும் விதிமுறையை ஆசிரியர் மூலம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை மறக்க வேண்டாம். எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள் 2019-இல் மறையும் வரை நடத்திய சங்கம் அது. இத்தகைய விஷயங்களைத் தமிழிலும் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். பழைய செய்தித்தாள் வேண்டுமென்றால் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தளத்தில் தமிழ் முரசே கிடைக்கிறது. பெரிய திட்டம் ஏதும் உங்கள் ஊருக்கு வந்தால், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை உண்டா என்று சுற்றுச்சூழல் துறையிடம் கேளுங்கள். குறிப்பிட்ட சில வகைத் திட்டங்களுக்கு 1988 முதல் அது கட்டாயம்.

ஒன்று மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் இருக்கிறது. தோம்பு சுமக்கிற அம்மாவால் அதைப் படிக்க முடியாது. அதனால் நூலகத்தில் எழுதி வந்த குறிப்பை இடுபணியோடு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ராத்திரி சாப்பிட உட்காரும்போது, "அம்மா, நீ அடிக்கிற மருந்துக்கு இதுதான் பேரு, கையில பட்டா இப்படிச் செய்யணுமாம்" என்று தமிழில் படித்துக் காட்டுங்கள்.

முதல் தடவை போகும்போது அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள், அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் உட்கார்ந்திருக்கும் நூலகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் வேலையே அதுதான், கோபித்துக்கொள்ள மாட்டார். பரிசு மேசையில் புத்தகங்கள் காத்திருக்கின்றன. நான் இத்துடன் இறங்கிக்கொள்கிறேன்.