யார் உயரம்?

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



"ராமுவைவிட சோமு உயரம்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு குழந்தை "சோமு இஸ் மோர் டாலர் தேன் ராமு" என்று எழுதும். இன்னொரு குழந்தை "ராமு இஸ் டாலர் தேன் சோமு" என்று எழுதும். நம் சிவப்பு மை முதல் விடையின்மேல்தான் பாயும். இரண்டாவதில் இலக்கணப் பிழை இல்லை. அவசரத்தில் சரி என்று குறியிட்டுவிடுவோம். ஆனால் அங்கேதான் ஆளே மாறிப்போயிருக்கிறார்.

காரணம் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் "உயரம்" என்ற சொல் மாறுவதில்லை. ஒப்பிடும் வேலையை "விட" செய்கிறது. "விட" ஒட்டிய பெயர் பெரும்பாலும் முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்திலோ அந்தப் பெயர் "தேன்" என்பதற்குப் பின்னால் வர வேண்டும். குழந்தை தமிழ் வரிசையிலேயே எழுதிவிடுகிறது. ஆகவே முதலில், "விட எந்தப் பெயரோடு ஒட்டியிருக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டு மாணவர்களை நிறுத்தி, வாக்கியத்தைப் படித்து, உயரமானவரைச் சுட்டச் சொல்லுங்கள்.

அடுத்து "மோர் டாலர்". ஆங்கிலத்தில் வழிகள் இரண்டு: சொல்லின் இறுதியில் ஈறு சேர்ப்பது, முன்னால் தனிச்சொல் வைப்பது. குழந்தை இரண்டையும் சேர்த்துவிடுகிறது. கேலி செய்யாதீர்கள், ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் அந்தோனியின் உரையிலேயே இத்தகைய இரட்டைப் பயன்பாடு உண்டு. இன்றைய வழக்கில் அது பிழை.

எந்த வழி எந்தச் சொல்லுக்கு? கைதட்டி எண்ணச் சொல்லுங்கள். யாப்பின் நேரசை, நிரையசைக் கணக்கு இங்கே வேண்டாம்; உயிரொலிக்கு ஒரு தட்டு. ஒரு தட்டானால் டால், டாலர், டாலஸ்ட். மூன்று தட்டானால் மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் பியூட்டிஃபுல். இரண்டு தட்டாகி 'ஒய்' எழுத்தில் முடிந்தால் ஹேப்பி, ஹேப்பியர், ஹேப்பியஸ்ட். எழுதும்போது 'ஒய்', 'ஐ' ஆகும். மற்ற இரண்டு தட்டுச் சொற்கள் பலவற்றுக்கு 'மோர்' பொருந்தும். 'கிளெவர்' போன்ற சில இரு வழியிலும் வரும். குட், பெட்டர், பெஸ்ட், பேட், வொர்ஸ், வொர்ஸ்ட் போன்றவை விதிக்கு அடங்காதவை, பழக்கத்தில்தான் வரும்.

விடைத்தாளைத் திருத்தும்போது முதலில் பொருளைப் பாருங்கள். வடிவத்தைப் பிறகு பாருங்கள். "மோர் டாலர்" என்று எழுதிய குழந்தைக்கு யார் உயரம் என்பது தெரிந்திருக்கிறது. அதற்கு அரை மதிப்பெண்ணாவது கொடுங்கள்.